வீட்டுக் கேமராவில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

வீட்டுக் கேமரா மக்கர் செய்தால் பலரும் முதலில் கைவைப்பது ரீசெட் பட்டனில். அதைக் கடைசிக்கு வையுங்கள். ரீசெட் செய்தால் வைஃபை விவரம், கண்காணிக்கும் பகுதிகள், நேர அமைப்பு எல்லாம் அழிந்துவிடும். கோளாறு எங்கே இருந்தது என்று காட்டும் தடயமும் கூடவே போய்விடும். சிக்கல் அடாப்டரிலோ ரௌட்டரிலோ இருந்தால் ரீசெட்டுக்கு அப்புறமும் அது அப்படியே இருக்கும். கேமராவை முதலிலிருந்து இணைக்கும் வேலை மட்டும் கூடுதலாகச் சேரும். நீங்கள் வெளியூரில் இருந்தால், ஏணி வைத்து ஏறி மறுபடி இணைக்க வீட்டில் ஆளும் இருக்காது.

படம் உங்கள் கைக்கு வந்து சேரும் பாதை நீளமானது. மின்சாரம், கேமரா, வைஃபை அல்லது கேபிள், ரௌட்டர், இணைய இணைப்பு, கேமரா நிறுவனத்தின் சர்வர், கடைசியில் போனில் உள்ள ஆப். இதில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு மூன்று சோதனை போதும். கேமராவின் விளக்கு எரிகிறதா? போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போது படம் வருகிறதா? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால் வருகிறதா? விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். விளக்கு எரிந்தும் வீட்டுக்குள்ளேயே படம் வரவில்லை என்றால் கேமராவுக்கும் ரௌட்டருக்கும் நடுவே தேடுங்கள். வீட்டுக்குள் வந்து வெளியே வரவில்லை என்றால் ரௌட்டருக்கு அப்பால் தேடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: சில கேமராக்கள் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தாலும் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் படம் அனுப்பும். அவற்றுக்கு இணையம் நின்றால் உள்ளேயும் படம் நின்றுவிடும். அதனால் இணையம் ஓடுகிறதா என்று வேறொரு கருவியில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

புதுக் கேமரா வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் காரணம் அலைவரிசைதான். வீட்டுக் கேமராக்களில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். இன்றைய ரௌட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. போன் 5-இல் உட்கார்ந்திருக்கும், கேமரா 2.4-ஐத் தேடும், இரண்டும் சந்திக்காது. ரௌட்டர் அமைப்பில் 5 ஜிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்து, கேமராவை இணைத்துவிட்டு, மறுபடி போட்டுவிடலாம். அல்லது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடலாம்; பின்னால் கேமரா கூட்டும்போதும் அது உதவும்.

அலைவரிசை சரி என்றால் பாஸ்வேர்டை ஒரு முறை கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். தவறான பாஸ்வேர்டு கொடுத்தாலும் பல ஆப்கள் 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும்தான் சொல்லும், காரணம் சொல்லாது. அடுத்து ரௌட்டரின் பாதுகாப்பு வகை. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கேமராக்கள் சேராது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். போன் பக்கத்தில் விபிஎன் (இணையத்தின் மேல் தனிப் பாதை அமைக்கும் ஆப்) ஓடினால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதி, ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி இரண்டும் கேமரா ஆப்புக்குக் கிடைத்திருக்க வேண்டும். இவை இல்லாமல் அருகிலேயே உள்ள கேமரா ஆப்பின் கண்ணில் படாது.

கியூஆர் கோடு காட்டி இணைக்கும் வகையென்றால், போன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, லென்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒட்டிப் பிடித்தால் லென்ஸ் ஃபோகஸ் ஆகாது.

'இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது' என்று வந்தால் அது கோளாறே இல்லை. திருடிய கேமராவை இன்னொருவர் பயன்படுத்தாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ரீசெட் செய்தாலும் விலகாது. முன்பு வைத்திருந்தவர் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும். பழைய கேமரா வாங்குபவர்கள், கொடுப்பவர் எதிரிலேயே அதை நீக்கச் சொல்லி, உங்கள் போனில் இணைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குள் தெரிகிறது, வெளியே போனால் தெரியவில்லை

வெளியூரிலிருந்து பார்க்கத்தான் கேமரா வாங்குகிறோம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வெளியிலிருந்து கேமராவை எட்ட இரண்டு வழி உண்டு. முதல் வழியில் கேமரா தானே போய் நிறுவனத்தின் சர்வரோடு ஒரு தொடர்பைத் திறந்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஆப்பும் அந்தச் சர்வரிடம் போய்க் கேமராவைக் கேட்கும். இன்றைய வைஃபை கேமராக்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகை. பெட்டியில் கியூஆர் கோடு, ஆப்பில் கணக்கு, அவ்வளவுதான். இதில் வெளியே படம் வராவிட்டால் முதலில் போனைப் பாருங்கள். அந்த ஆப்புக்கு மொபைல் டேட்டா பயன்படுத்த அனுமதி இருக்கிறதா? டேட்டா சேமிப்பு முறை போட்டிருக்கிறதா? அலுவலக வைஃபையிலிருந்து முயல்கிறீர்கள் என்றால் அங்கே கேமரா தொடர்பைத் தடுத்திருக்கக்கூடும்; மொபைல் டேட்டாவில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் 'ஆஃப்லைன்' என்றே காட்டினால், கேமராவின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை), கேட்வே (வெளியே போகும் வழியான ரௌட்டர்) முகவரிகள் சரியா என்று பாருங்கள். யாராவது கையால் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்து, கேட்வேயை விட்டிருந்தால் அறிகுறி துல்லியமாக இப்படித்தான் இருக்கும்: உள்ளே தெரியும், வெளியே தெரியாது.

இரண்டாவது வழி பழையது. ரௌட்டரில் ஒரு கதவைத் திறந்து வைத்து, வெளியிலிருந்து நேரே உள்ளே வருவது. போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். பழைய டிவிஆர் பெட்டிகள் (கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் கருவிகள்) பல இப்படித்தான் அமைக்கப்பட்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுபோனால், இணைய நிறுவனம் உங்களைப் பொது ஐபி முகவரியிலிருந்து பகிர்வு முகவரிக்கு மாற்றியிருக்க வாய்ப்பு மிக அதிகம். உலகத்தில் ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் தட்டுப்பாடாக இருப்பதால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' (WAN) முகவரி, அதாவது ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'என் ஐபி முகவரி என்ன' என்று காட்டும் இணையதளம் ஒன்றில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு என்றால் நடுவே இன்னொரு ரௌட்டர் இருக்கிறது. ரௌட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் பகிர்வு முகவரி என்பது உறுதி. அந்த வரிசையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் உங்கள் வீட்டிலேயே மோடம் ஒன்று, ரௌட்டர் ஒன்று என இரண்டு அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பகிர்வு முகவரி என்றால் போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் பலன் இல்லை. திறக்க வேண்டிய கதவு உங்கள் வீட்டில் இல்லை. டிவிஆரில் நிறுவனச் சர்வர் வழி இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன்னை வீட்டில் எப்போதும் ஓடும் கணினி ஒன்றில் போட்டு, போனிலும் போட்டால் இரண்டும் நடுச் சர்வரின் உதவியோடு ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்.

உங்களிடம் பொது முகவரி இருந்தாலும் கேமராவுக்குப் போர்ட் திறக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளைக் கொண்டு டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கேமரா அதில் சேர்ந்திருந்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ரௌட்டரில் யுபிஎன்பி என்ற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். கருவிகள் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்வது அதன் வழியாகத்தான்.

படம் திக்கித் திக்கி வருகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது

இணையத் திட்டத்தில் பெரிதாகப் போட்டிருப்பது பதிவிறக்க வேகம். கேமராவுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். 1080பி கேமரா ஒன்று எச்.264 என்ற படச் சுருக்க முறையில் ஏறத்தாழ 2 முதல் 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) எடுக்கும். 4கே கேமரா 8-ஐயும் தாண்டும். எச்.265 முறைக்கு மாற்றினால் இது பாதியளவுக்குக் குறையக்கூடும். நான்கு கேமராவை ஒரே திரையில் முழுத் தரத்தில் பார்த்தால் 16 எம்பிபிஎஸ் பதிவேற்றம் வரை கேட்கும். வீட்டில் அவ்வளவு இல்லையென்றால் படம் திணறத்தான் செய்யும்.

இதற்குத்தான் பெரும்பாலான கேமராக்கள் இரண்டு படவோட்டம் வைத்திருக்கின்றன. மெயின் ஸ்ட்ரீம் பதிவு செய்ய, சப் ஸ்ட்ரீம் தூரத்திலிருந்து பார்க்க. ஆப்பில் எச்டி, எஸ்டி என்று இருப்பது இதுதான். வெளியிலிருந்து பார்க்கும்போது எஸ்டியில் பாருங்கள். ஏதாவது சந்தேகம் என்றால் மட்டும் எச்டிக்கு மாறுங்கள். மெமரி கார்டில் பதிவாவது முழுத் தரத்தில்தான், அதற்கு இணையமே தேவையில்லை. இந்த ஒன்று தெரியாமல் பதிவின் தரத்தையே குறைத்துவிட்டு, பின்னால் முகம் தெரியவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு.

பதிவேற்ற வேகம் போதுமானதாக இருந்தும் திக்கினால் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். பல ஆப்கள் கேமராவுக்குக் கிடைக்கும் சிக்னல் அளவைக் காட்டும். மைனஸ் 65 டிபிஎம், அல்லது அதைவிடச் சுழியத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. மைனஸ் 75-ஐத் தாண்டிக் கீழே போனால் படம் அறுந்து அறுந்துதான் வரும். கேமரா இருக்கும் இடத்தில் போனை வைத்து வேகம் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். போனின் ஆன்டெனா வேறு, கேமராவின் ஆன்டெனா வேறு. சரியான சோதனை, கேமராவைக் கழற்றி ரௌட்டர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அங்கே நன்றாக ஓடினால் கேமரா நல்ல கேமராதான், தூரமும் சுவரும்தான் எதிரி. கான்கிரீட், இரும்புக் கதவு, கண்ணாடி ஒட்டிய பீரோ இவை சிக்னலைத் தின்னும். ரௌட்டரை இடம் மாற்றுங்கள், அல்லது நடுவே வைஃபையை நீட்டிக்கும் மெஷ் கருவி ஒன்று வையுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மட்டும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்து வைஃபைகள் எதில் குறைவோ அதில் நிறுத்துங்கள்.

இன்னும் வாங்கவில்லை, சுவரில் துளையிட முடியும் என்றால், வாசல் கேமராவுக்கு மட்டுமாவது கேபிளில் ஓடும் வகையை வாங்குங்கள். இந்தப் பகுதியில் சொன்னதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பகலில் ஓடுகிறது, இருட்டியதும் அணைந்து அணைந்து வருகிறது

கேமராவை மாற்றிவிடலாம் என்று முடிவுக்கு வந்தவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றுவது இந்தப் பத்திதான். இருட்டியதும் கேமராவில் உள்ள இன்ஃப்ராரெட் விளக்குகள் (கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் தருபவை) எரியத் தொடங்கும், கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடும். அடாப்டர் சோர்ந்திருந்தாலோ வயர் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தாலோ மின்னழுத்தம் கீழே இறங்கி, கேமரா அணைந்து மறுபடி கிளம்பும். கிளம்பியதும் விளக்கு எரியும், திரும்ப அணையும். இரவு முழுக்க இதே கதை.

கணக்கு இப்படி: 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 20 மீட்டர் தூரத்துக்கு 0.22 சதுர மில்லிமீட்டர் வயர் போயிருக்கிறது என்று வையுங்கள். போய் வர 40 மீட்டர், மின்தடை 3 ஓமுக்குச் சற்று மேல். இரவில் கேமரா 0.7 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 12 வோல்ட்டில் கிளம்பியது 10-க்கும் கீழே போய்ச் சேரும். அதே தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் இழப்பு 1 வோல்ட் அளவில் நின்றுவிடும்.

இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை, பகலிலேயே சோதிக்கலாம். மல்டிமீட்டரை அடாப்டர் முனையில் வைக்காமல் கேமரா முனையில் வையுங்கள். பிறகு உள்ளங்கையால் கேமராவின் முகத்தை முழுதாக மூடுங்கள். சில விநாடியில் உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பகலில் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைத் தடுக்கும் வடிகட்டி விலகி இரவு முறைக்குப் போகிற சத்தம். மீட்டரில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று அந்த நொடியில் பாருங்கள். அரை வோல்ட் இறங்கினால் பரவாயில்லை. 2 வோல்ட் இறங்கினால் திருடன் அகப்பட்டான். அடாப்டரைக் கேமராவுக்கு அருகே கொண்டுபோங்கள், அல்லது கனமான வயர் போடுங்கள், அல்லது ஆம்பியர் கூடிய அடாப்டர் வையுங்கள். வோல்ட் மட்டும் மாறக்கூடாது. 12 கேட்கும் கேமராவுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான்.

பிஓஇ முறையில், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகும் முறையில், இந்தத் தொல்லை குறைவு. 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் வழி இழப்பு சிறிதாகிவிடும். 802.3ஏஎஃப் தரத்தில் நெட்வொர்க் சுவிட்ச் (கேபிள்களைச் செருகும் பெட்டி) ஒரு போர்ட்டுக்கு, அதாவது செருகும் துளைக்கு, 15.4 வாட் வரை கொடுக்கும், கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். ஆனால் கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதைச் சிசிஏ என்று குறித்து விற்கிறார்கள். தொட்டுப்பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தூரம் போகப்போகத் தெரியும். வெளிச்சுவரில் கேபிள் இணைப்பு முனைக்கு நீர்புகா மூடி போட்டீர்களா என்றும் பாருங்கள். கேமரா ஐபி66 என்ற தூசி, நீர்ப் பாதுகாப்புத் தரமாக இருந்தாலும் அதன் வால் முனையில் மழைநீர் இறங்கினால் பின்கள் பச்சை பூத்துவிடும். கேபிளைச் சுவருக்குள் நுழையும் முன் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இரவில் படம் வெள்ளையாக, புகை மூட்டமாக இருக்கிறது

கேமரா கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறதா? இன்ஃப்ராரெட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள்ளேயே வருகிறது. ஆப்பில் இன்ஃப்ராரெட் விளக்கை அணைத்துவிட்டு வெளியே ஒரு விளக்கு எரியவிடுவதுதான் வழி. வெளியில்தான் இருக்கிறது என்றால், பக்கத்துச் சுவரோ கூரை ஓரமோ படத்தின் மூலையில் வருகிறதா பாருங்கள். அருகில் உள்ள வெள்ளைச் சுவர் பளீரென்று எரியும், கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், தூரத்தில் நிற்கும் ஆள் இருட்டில் மறைந்துபோவார். சற்றே திருப்பினால் போதும்.

சிலந்திவலையும் தூசியும் அடுத்தவை. விளக்கின் இளஞ்சூட்டுக்கும் அதைச் சுற்றும் பூச்சிக்கும் சிலந்தி அங்கேயே குடியிருக்கும். மெல்லிய துணியால் அவ்வப்போது துடையுங்கள். குவிமாடக் கேமராவில் மூடியைத் துடைத்தும் மூட்டம் போகவில்லை என்றால், உள்ளே லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மூடியோடு ஒட்டி நிற்கவில்லை. வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது.

பகலில் படம் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், சற்று முன் சொன்ன 'டிக்' சத்தத்துக்குரிய வடிகட்டி மாட்டிக்கொண்டிருக்கிறது. பகல், இரவு முறையை ஆப்பில் நாலைந்து தடவை மாற்றிப் போட்டால் சில நேரம் விடுபடும். விடுபடாவிட்டால் பழுதுபார்க்கத்தான் வேண்டும்.

ஆள் தெரிகிறார், முகம் தெரியவில்லை

இது கோளாறு என்பதைவிடத் தேர்வில் நடந்த தவறு. அகலமாகத் தெரிகிறது என்று 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குகிறோம். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐரோப்பியத் தரவரையறை 62676-4-இன் 2015 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது. தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125. 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் 100 பாகைக்கு மேல் விரியும்போது, ஏறத்தாழ 3 மீட்டர் தூரம் வரைதான் அந்த 250 கிடைக்கும். 6 மீட்டரில் 125 ஆகிவிடும். அதற்கப்பால் ஆள் வந்தார் போனார் என்று மட்டும்தான் சொல்ல முடியும். 4 மில்லிமீட்டர் லென்ஸில் 4 மீட்டருக்குச் சற்று மேல், 6 மில்லிமீட்டரில் 8 மீட்டர் அளவுக்கு அதே தெளிவு கிடைக்கும்; அகலம் சுருங்கும்.

ஆகவே முற்றம் முழுவதையும் பார்க்க ஒன்று, வாசல் கதவில் முகத்தைப் பிடிக்க ஒன்று என்று பிரித்து யோசியுங்கள். இரண்டையும் ஒரே கேமராவிடம் கேட்டால் இரண்டும் அரைகுறையாகும். முகத்துக்கான கேமராவை மாடி உயரத்தில் மாட்டாதீர்கள், உச்சந்தலைதான் பதிவாகும். இரண்டரை மீட்டர் அளவு உயரமே நல்லது. பின்னால் வெயில் அடிக்கும் வாசல் என்றால் டபிள்யூடிஆர் வசதியை (வெளிச்சமான இடத்தையும் இருட்டான இடத்தையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டுவது) போடுங்கள், இல்லையேல் வருபவர் கரிய நிழலாகத்தான் தெரிவார்.

நிற்கும்போது தெளிவு, நடந்தால் இழுவிய படம் என்றால் ஷட்டர் மெதுவாக இருக்கிறது. இரவில் வெளிச்சத்துக்காகக் கேமரா 1/12 விநாடிக்கு இறங்கினால், சாதாரணமாக நடப்பவர் அதற்குள் 10 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பார். முகம் தேய்ந்துபோகும். ஷட்டர் 1/30 விநாடியைவிட மெதுவாகக் கூடாது என்று அமைத்துவிட்டு, வாசலில் ஒரு விளக்கைக் கூட்டுங்கள்.

அறிவிப்பு வரவில்லை, அல்லது ஓயாமல் வருகிறது

வரவில்லை என்றால் முதலில் பதிவில் தேடுங்கள். நிகழ்வு பதிவாகி அறிவிப்பு மட்டும் வரவில்லை என்றால் போன்தான் காரணம். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு முறை கேமரா ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாடில்லை என்று மாற்றுங்கள். ஐபோனில் அறிவிப்புகளை அடக்கி வைக்கும் ஃபோகஸ் முறையைப் பாருங்கள். நிகழ்வே பதிவாகவில்லை என்றால் கேமராவின் உணர்திறன், கண்காணிக்கும் பகுதி, நேர அட்டவணை மூன்றையும் பாருங்கள்.

பேட்டரிக் கேமராக்களில் உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் உணரி இருக்கும். அது குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும், நேரே கேமராவை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். பாதைக்கு நேரெதிரே மாட்டாமல் பக்கவாட்டில் மாட்டுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பிஐஆர் வேலையே செய்யாது.

ஓயாமல் வருகிறது என்றால், அசையும் செடியும் தெருவும் கண்காணிப்புப் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வெட்டுங்கள். மனிதர்களை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் போடுங்கள். இதை அலட்சியமாக விடாதீர்கள். நாளுக்கு நூறு அறிவிப்பு வந்தால் உண்மையான ஒன்றையும் பார்க்காமல் தள்ளிவிடுவோம்.

பின்னால் போய்ப் பார்த்தால் பதிவு இல்லை

2 எம்பிபிஎஸ் அளவில் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு ஆறு நாளைக்குள் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கும். பத்து நாள் ஊருக்குப் போனவர் முதல் நாள் காட்சியைத் தேடினால் இருக்காது. அசைவு வந்தால் மட்டும் பதியும்படி மாற்றுங்கள், அல்லது கேமரா ஏற்கும் அளவில் பெரிய கார்டு போடுங்கள்.

கேமராவுக்கென்றே 'ஹை எண்டூரன்ஸ்' என்று கார்டுகள் வருகின்றன. சாதாரணக் கார்டு இரவும் பகலும் எழுதுவதைத் தாங்காது. சில நேரம் படிக்க மட்டும் என்ற நிலையில் உறைந்துவிடும், ஆப் எல்லாம் சரி என்றே காட்டும். போலிக் கார்டில் கொள்ளளவே பொய்யாக இருக்கும். கார்டைக் கேமராவுக்குள் வைத்து ஆப் வழியாகவே ஃபார்மேட் செய்யுங்கள். மாதம் ஒரு முறை நேற்றைய காட்சி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பதிவு இருந்தும் நேரம் தப்பாக இருந்தால், நேர மண்டலத்தையும் தானியங்கி நேர ஒத்திசைவையும் சரிசெய்யுங்கள். டிவிஆரில் மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறது என்றால் உள்ளே உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மின்சாரம் போய் வந்தபின் என்விஆரில் கேமரா காணவில்லை

ரௌட்டர் கிளம்பும்போது கேமராவுக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். என்விஆர், அதாவது நெட்வொர்க் வழியாக வரும் கேமராப் படங்களைப் பதியும் பெட்டி, பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரௌட்டரில் ஒவ்வொரு கேமராவுக்கும் முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது முறை) இணைப்பு மறுக்கப்பட்டால் கேமராவின் கடிகாரத்தையும் என்விஆரின் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். ஆன்விஃப் உள்நுழைவில் நேரமும் சேர்ந்தே சரிபார்க்கப்படும். ரௌட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ் இருந்தால் சின்ன மின்வெட்டுகளில் இந்தத் தொல்லையே வராது.

கேமரா தானாகத் திரும்புகிறது, யாரோ பார்ப்பது போலிருக்கிறது

பதறுவதற்கு முன் தானாகப் பின்தொடரும் வசதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி கிளம்பும்போது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதும் இயல்பு. இரண்டும் இல்லை என்றால் கேமராவின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதலில் ஆப் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு, பிறகு கேமராக் கணக்கின் பாஸ்வேர்டு, பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளை, பிறகு இரண்டு படிச் சரிபார்ப்பு. இந்த வரிசை முக்கியம். மின்னஞ்சல் அடுத்தவர் கையில் இருந்தால் மற்றதெல்லாம் திரும்ப அவர் கைக்கே போகும். பகிரப்பட்டவர்கள் பட்டியலில் பழைய வேலையாள், முன்பு குடியிருந்தவர், அமைத்துக் கொடுத்த டெக்னீஷியன் யாராவது இருக்கிறார்களா பாருங்கள். வேறு தளத்தில் பயன்படுத்திய பாஸ்வேர்டை இங்கே வைக்காதீர்கள். கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை

இப்போது ரீசெட் செய்யலாம். அதற்கு முன் அமைப்புப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் சேவை மையத்துக்கு எழுதும்போது மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, விளக்கின் நிறம், வீட்டு வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் தனித்தனியே என்ன நடந்தது, எந்த நேரத்தில் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். 'ரீஸ்டார்ட் செய்தீர்களா' என்ற கேள்விக்கே ஒரு நாள் போகாது. கேமராவை அனுப்பச் சொன்னால் மெமரி கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஆப்பிலிருந்து கேமராவை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.